இது 'படிக்கும்போது கேட்க' போட்ட இசை இல்லை, மக்களே!

ருஷ்ய மொழியில் 'சுத்னோ' என்று ஒரு வார்த்தை உண்டு. கப்பலுக்கும் அதுதான் பெயர். ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு வைப்பார்களே, அந்தப் பெட்பேனுக்கும் அதுதான் பெயர். பெலாரஸின் மின்ஸ்க் நகரத்திலிருந்து வந்த மொல்சாத் தோமா என்ற மூவர் குழு 2018-ல் வெளியிட்ட 'எதாழி' ஆல்பத்தில் இந்தப் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. அதில் வருவது கப்பல் இல்லை, பெட்பேன்தான். வரிகள் போரிஸ் ரிழி என்ற ருஷ்யக் கவிஞருடையவை. 2001-ல், 26 வயதில் தற்கொலை செய்துகொண்டவர். பாட்டின் தலைப்பிலேயே, அடைப்புக்குறிக்குள், அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

2020-ல் இந்தப் பாட்டு டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. பின்னணியில் அதை ஓடவிட்டு சட்டையை மாற்றிக் காட்டினார்கள், கறுப்பு பூட்ஸைக் காட்டினார்கள், பழைய சோவியத் அடுக்குமாடிகளைக் காட்டினார்கள். ருஷ்ய மொழி தெரியாமல் ருஷ்யப் பாட்டு கேட்பது ஒன்றும் குற்றம் இல்லை. புரிகிற பாஷையில் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றால் உலகத்தில் பாதி இசை கிடையாது. பிரச்சினை வேறு. "இது ஒரு கவிதை, எழுதினவன் இப்போது உயிரோடு இல்லை" என்று ஒரு வரி சொல்ல அந்தச் சில நொடி வீடியோவில் இடமே இல்லை. 'டார்க் மூட்' என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது.

ஆல்டர்னேட்டிவ், போஸ்ட் ராக், காத் என்ற மூன்று அலமாரிகளிலும் 'புது ரிலீஸ் சிபாரிசு' என்று இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பாட்டைக் கொடுக்கிறார்கள். காரணத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடுக்கிறார்கள். 'படிக்கும்போது கேட்க', 'மழை நாளுக்கு', 'தூக்கம் வர', 'இந்தக் குழு பிடித்தால் அந்தக் குழுவும் பிடிக்கும்'. இதற்குப் பேர் சிபாரிசா? 'துவரம் பருப்பு வாங்கினவர்கள் புளியும் வாங்கினார்கள்' என்று மளிகைக் கடை பில் சொன்னால் அதற்கு என்ன பேரோ, அதுதான் இதற்கும். :-)

*

இன்னும் கடுமையான உதாரணம் ஒன்று.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக் குழு காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர். 1994-ல் தொடங்கியது. போஸ்ட் ராக் என்றதும் முதலில் வாயில் வரும் நான்கைந்து பெயர்களில் ஒன்று. 2024 அக்டோபரில் இவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்குத் தலைப்பே கிடையாது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில், '2024 பிப்ரவரி 13 நிலவரப்படி தலைப்பு இல்லை, 28,340 பேர் சாவு' என்று பொருள்படும் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தேதி வரை காஸாவில் கொல்லப்பட்டவர்களின் கணக்கு அது.

மொத்தம் 6 டிராக், ஏறக்குறைய 54 நிமிடம். பாடகர் கிடையாது. ஒரே ஒரு இடத்தில் ஒரு பெண் குரல் ஸ்பானிஷ் மொழியில் பேசுகிறது. மற்றதெல்லாம் கிடார், வயலின், டிரம்ஸ். அதாவது, அந்த ஆல்பம் வார்த்தையால் சொல்ல வந்ததை எல்லாம் அந்தத் தலைப்பில்தான் வைத்திருக்கிறது. இதிலிருந்து ஒரு டிராக்கை உருவி 'கவனம் குவிக்க' என்ற பிளேலிஸ்டில் செருகினால் முதலில் காணாமல் போவது அந்த எண். 28,340 போய்விடும். 'உணர்ச்சிகரமான கிடார் இசை' மிஞ்சும். அதைக் கேட்டுக்கொண்டே அசைன்மென்ட் எழுதலாம்.

இசை கெட்டுப்போகவில்லை, ஒரு நோட்கூட மாறவில்லை என்று சிலர் வாதம் செய்வார்கள். நோட் மாறவில்லைதான். இரங்கல் கூட்டத்தில் வாசித்ததைக் கல்யாண வரவேற்பில் ஓடவிட்டால்கூட நோட் மாறாது!

*

இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்த்துவிடலாம். 'போஸ்ட் ராக்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர். 1994-ல், பார்க் சைக்கோசிஸ் குழுவின் 'ஹெக்ஸ்' ஆல்பத்துக்கு எழுதிய விமர்சனத்தில் அதைப் பயன்படுத்தினார். ராக் குழுவின் அதே கருவிகளை வைத்துக்கொண்டு ராக் அல்லாத ஒன்றைச் செய்கிறார்கள், கிடாரை ரிஃப் வாசிக்க அல்லாமல் ஒலியின் நிறத்துக்கும் இழைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் வாதம். சரியோ தப்போ, அது ஒரு வாதம். காது கொடுத்துக் கேட்ட ஒரு ஆள், கேட்டதை விளக்க முயன்றபோது பிறந்த சொல். இன்றைக்கு அது ஒரு டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள்.

காத் கதையும் இதேதான். 1979-ல் பௌஹவுஸ் குழு 'பேலா லுகோசிஸ் டெட்' என்று ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு சிங்கிளை வெளியிட்டது. அதற்கும் அதே காலத்து இருண்ட போஸ்ட் பங்க் குழுக்களுக்கும் பத்திரிகைகள் சூட்டிய பெயர்தான் காத். தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியின் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சும் தி க்யூரின் ராபர்ட் ஸ்மித்தும் அந்தப் பெயர் தங்களுக்குப் பொருந்தாது என்று பல வருஷமாகச் சொல்லி வந்தவர்கள். கேட்டது யார்? கண்மையும் கறுப்புச் சட்டையும் போதுமென்று அலமாரியில் அடுக்கியாகிவிட்டது.

*

ஒழுங்கான சிபாரிசு எப்படி இருக்கும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் கென்டகி மாநிலத்து லூயிவில் நகரப் பையன்கள் ஸ்லின்ட் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1991-ல் 'ஸ்பைடர்லேண்ட்' வந்தது. வெறும் 6 பாட்டு. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே குழு கலைந்துவிட்டது. டூர் கிடையாது. விளம்பரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' வார இதழில் ஸ்டீவ் ஆல்பினி அதற்கு விமர்சனம் எழுதினார். பத்துக்குப் பத்து நட்சத்திரம். குழுவின் முந்தைய ஆல்பமான 'ட்வீஸ்' அவர் பதிவு செய்தது. 'ஸ்பைடர்லேண்ட்' அவர் பதிவு செய்தது அல்ல. தன் கைவேலை இல்லாத ஒன்றுக்குத் தன் பெயரை அடமானம் வைத்தார்.

அந்த விமர்சனம் வந்த மறுநாளே ஆல்பம் விற்றுத் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். அப்படி எதுவும் நடக்கவில்லை. கைமாறிக் கைமாறி, கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி, பல வருஷத்தில்தான் அது பரவியது. பின்னால் வந்த போஸ்ட் ராக் குழுக்களில் பாதிப் பேர் அந்த ஆல்பத்துக்குக் கடன்பட்டவர்கள்.

பிபிசி ரேடியோ 1-ல் 1967 முதல் 2004-ல் சாகும் வரை பாட்டுப் போட்ட ஜான் பீலும் இதே ரகம்தான். தி க்யூர் முதல் ஆல்பம் போடும் முன்பே, 1978-ல், அவர்களைத் தன் நிகழ்ச்சிக்காக வாசிக்க வைத்தார். சில சமயம் ரெக்கார்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு மன்னிப்பும் கேட்பார். :-) தப்பு செய்தால் இன்னார்தான் செய்தார் என்று தெரியும். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். அல்காரிதத்தை யார் திட்டுவது?

*

ரசனையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, காசு கணக்குக்கு வரலாம்.

ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால் ஒரு தடவை ஓடியதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டும் ஒன்று. இருபது நிமிடப் பாட்டும் ஒன்றுதான். மேலே சொன்ன காட்ஸ்பீட் ஆல்பத்தை 54 நிமிடம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டால் குழுவுக்கு 6 கணக்கு. அதே 54 நிமிடத்தில் இரண்டு நிமிடப் பாட்டுகளாக ஓடியிருந்தால் 27. நீளமாக வாசிப்பதையே உயிராகக் கொண்ட ஒரு இசைக்கு இதைவிட அழகாகத் தண்டனை கொடுக்க முடியாது.

2020-ல் அதே நிறுவனம் 'டிஸ்கவரி மோட்' என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ரேடியோ, ஆட்டோபிளே மாதிரி இடங்களில் உங்கள் பாட்டை அல்காரிதம் அதிகம் பரிந்துரைக்க வேண்டுமா? அப்படி ஓடும் தடவைகளின் ராயல்டியில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுங்கள். அதாவது 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது' என்று திரையில் வருவதில் ஒரு பங்கு, குறைந்த கூலிக்குச் சம்மதித்தவர்கள். 2024-லிருந்து இன்னொரு விதி: 12 மாதத்தில் 1000 தடவைக்குக் கீழே ஓடிய பாட்டுக்கு ராயல்டி கிடையாது. சின்னக் குழுக்கள் ஏற்கெனவே சில்லறைதான் எண்ணிக்கொண்டிருந்தன. இப்போது அந்தச் சில்லறையும் போச்சு.

லிஸ் பெல்லி என்ற பத்திரிகையாளர் 2025 ஜனவரியில் வந்த 'மூட் மெஷின்' புத்தகத்தில் இன்னொன்றை எழுதினார். மூட் பிளேலிஸ்டுகளில், மலிவு விலைக்கு மொத்தமாகச் செய்து வாங்கிய, முகவரி இல்லாத இசையை அந்த நிறுவனம் நிரப்பிவந்தது என்பது அவர் கண்டது. நியாயமாகப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. 'மழை நாளுக்கு' என்று கேட்கிறவருக்கு யார் வாசித்தார்கள் என்பது தேவையில்லை என்றால், வாசிக்கிறவருக்குக் காசு எதற்கு என்றுதானே கடைக்காரன் யோசிப்பான்? அதே 2025-ல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற பெயரில் மாதம் பத்து லட்சம் பேர் கேட்ட ஒரு ராக் குழு, செயற்கை நுண்ணறிவால் செய்தது என்று பிறகு ஒத்துக்கொள்ளப்பட்டது. ஆளே இல்லாத குழு! மூட் மட்டும் போதும் என்ற பாதை போய்ச் சேரும் ஊர் இதுதான்.

அதே ஆண்டு ஜூனில், அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் டேனியல் எக்கின் முதலீட்டு நிறுவனம், ராணுவத் தொழில்நுட்பம் செய்யும் ஹெல்சிங் என்ற ஜெர்மன் கம்பெனிக்கான 60 கோடி யூரோ முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது. அதைக் காரணமாகச் சொல்லி டியர்ஹூஃப் குழு தன் பாட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறியது. கிங் கிஸர்டும் வெளியேறினார்கள். ஆகஸ்டில் காட்ஸ்பீட்டின் ஆல்பங்களும் ஸ்பாடிஃபையிலிருந்து இறங்கின.

*

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சண்டை போடுவது அழகில்லை.

ஒன்று, பழைய வாசல்காப்பாளர்கள் ஒன்றும் தேவதைகள் இல்லை. பிரிட்டிஷ் இசை வார இதழ்கள் ஒரு வாரம் தூக்கி வைத்த குழுவை மறு வாரம் போட்டு மிதித்தன. ஜான் பீல் கண்ணில் படாதவர்கள் எத்தனையோ. மின்ஸ்கில் மலிவான சிந்தசைசரை வைத்துக்கொண்டு ருஷ்ய மொழியில் பாடும் மூன்று பேரை அவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? மொல்சாத் தோமாவை உலகம் கேட்டதற்கு அந்த டிக்டாக் அலையும் ஒரு காரணம். உண்மை. ஆனால் அல்காரிதம் கதவைத் திறந்தது என்பதற்காக, உள்ளே வந்தவர் யாரென்று கேட்காமலேயே இருந்துவிடலாம் என்று ஆகிவிடாது.

இரண்டு, காசு இல்லாத மாணவன் என்ன செய்வான்? இலவசமாகக் கேட்கட்டும். தப்பே இல்லை. பேண்ட்கேம்ப் தளத்தில் பல ஆல்பங்களை வாங்கும் முன் முழுசாகவே கேட்கலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக அதுவும் கோயில் இல்லை. 2022-ல் எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023-ல் சாங்ட்ராடருக்குக் கைமாறியது, கையோடு பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். தளத்தை நம்பச் சொல்லவில்லை இங்கே. காசு இல்லாதவரிடமும் இருக்கும் ஒன்றைத்தான் கேட்கிறது இந்தக் கட்டுரை. சிபாரிசு செய்யும்போது இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்வது. அதற்குச் சந்தா கிடையாது.

மூன்று, பின்னணியில் ஓடவிட்டுக் கேட்பது பாவமா? இல்லை. பிரையன் ஈனோ 1978-ல் விமான நிலையங்களுக்கென்றே ஒரு ஆல்பம் செய்தார். கவனித்தாலும் சரி, கவனிக்காவிட்டாலும் சரி என்பதுதான் அதன் திட்டம். அப்படிச் செய்ததை அப்படிக் கேட்கலாம். எல்லாவற்றையும் விமான நிலையமாக்குவதுதான் வம்பு.

*

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. இதோ சில புது ஆல்பங்கள். மூட் பெயர் இல்லாமல், காரணத்தோடு.

1. தி க்யூர், 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' (2024 நவம்பர்). 16 வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்த ஆல்பம். முதல் பாட்டு 'அலோன்'-ல் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 30 நொடியில் முடிவு சொல்லும் உலகத்தில் இது கிட்டத்தட்ட வம்புக்கு இழுப்பது. இன்னொரு பாட்டு செத்துப்போன அண்ணனுக்காக எழுதியது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1992-க்குப் பிறகு அவர்களுக்கு அது முதல் தடவை. பொறுமை செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

2. மோனோ, 'ஓத்' (2024 ஜூன்). ஜப்பானியக் குழு. பாடகர் இல்லை. பதிவு செய்தவர் அதே ஸ்டீவ் ஆல்பினி. இவர்களோடு அவர் வேலை செய்யத் தொடங்கி 20 வருஷம் ஆகியிருந்தது. ஆல்பம் வர ஐந்தாறு வாரம் இருக்கும்போது, 2024 மே 7-ல், 61 வயதில் இறந்துபோனார். தான் பதிவு செய்யும் ஆல்பங்களில் ராயல்டி பங்கு வேண்டாம் என்று கொள்கையாகவே மறுத்தவர் அவர். நிர்வானாவின் 1993 ஆல்பத்துக்கும் வாங்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த டிரம்ஸ் வேறு மாதிரி கேட்கும்.

3. மொல்சாத் தோமா, 'பேலயா பொலசா' (2024 செப்டம்பர்). மின்ஸ்கை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு வந்தது. பாடுவது இன்னமும் ருஷ்ய மொழியில்தான். மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கவும். 'சுத்னோ'வுக்குச் செய்யாததை இதற்காவது செய்யலாம்.

4. கேரலைன், 'கேரலைன் 2' (2025 மே). லண்டனைச் சேர்ந்த எட்டுப் பேர். இதில் 'கோல்ட்பிளே கவர்' என்று ஒரு பாட்டு (கோல்ட்பிளேக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை). ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இரண்டு பாட்டு ஒரே சமயத்தில் நடக்கிறது. மைக்கைக் கையில் பிடித்து ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் அந்த நடை தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டால் ஒன்றும் தெரியாது.

5. சிண்டி லீ, 'டயமண்ட் ஜூபிலி' (2024 மார்ச்). 32 பாட்டு, இரண்டு மணி நேரம். வந்தபோது எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை. யூடியூபில் ஒரே நீள வீடியோ, கூடவே 1990-களை ஞாபகப்படுத்தும் ஒரு பழைய பாணிப் பக்கத்தில் டவுன்லோட் சுட்டி, விருப்பப்பட்டால் 30 கனடிய டாலர். அவ்வளவுதான். அந்த வருஷத்தின் அதிகம் பேசப்பட்ட ஆல்பங்களில் ஒன்றாக ஆனது. பரப்பியது எந்த அல்காரிதமும் இல்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் "இதைக் கேள்" என்று சொன்னதுதான்.

*

அந்த ஐந்தாவது ஆல்பம் ஒன்றே போதும், இந்தச் சண்டை இன்னும் தோற்றுப்போகவில்லை என்பதற்கு. கிளாஸ்கோவின் மொக்வாய் குழு 2021 பிப்ரவரியில், சொந்த லேபிளில், பெரும்பாலும் வாத்திய இசையாக இருந்த ஒரு ஆல்பத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததும் ரசிகர்கள் வாய்வழியாகத் தள்ளித் தள்ளித்தான்.

ஆகவே மக்களே, அடுத்த முறை யாருக்காவது ஒரு புது ஆல்பத்தின் சுட்டியை அனுப்பும்போது இரண்டு வாக்கியம் சேர்த்து அனுப்புங்கள். யார் வாசித்தார்கள், எதற்காக வாசித்தார்கள். அது தெரியாவிட்டால், எந்த நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்றாவது சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், பரவாயில்லை. பெயரோடு சொல்லி, தப்பாகவும் போக வாய்ப்பிருக்கிறதே, அதற்குத்தான் சிபாரிசு என்று பேர்.

பி.கு: மேலே உள்ள ஐந்தையும் 'படிக்கும்போது கேட்க' என்று ஒரு பிளேலிஸ்டில் போட்டு வைக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இந்தக் கட்டுரையை இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்கவும். :-)